ஏழு வீட்டுச் சோபா

ஒரே சோபா, ஒரே காலைப் பொழுதில், ஏழு வீடுகளின் முன்னறையில் உட்கார்ந்திருந்தது. ஏழு சோபா இல்லை, ஒன்றே ஒன்று. அதில் ஒரே அரசாங்க அதிகாரி ஏழு தடவை உட்கார்ந்து, ஏழு கோப்பை தேநீர் குடித்து, ஏழு தடவையும் "நல்ல சோபா" என்று பாராட்டிவிட்டு எழுந்து போனார். சோபாவுக்குத்தான் கால் இருக்கிறதே, நடந்து போயிருக்கும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அதற்கு இருந்தது மூன்று கால்தான் என்பதை மட்டும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். சலவைக்கூடத்துச் சந்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சத்தியம் செய்து சொல்வார்கள். சந்தைத் தாண்டி யாரிடம் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், ஆனாலும் பாதியாவது நம்பிவிட்டுத்தான் போவார்கள். சிரிக்கவும் செய்யாமல், நம்பவும் செய்யாமல், "நடக்கவே நடக்காது" என்று சாதித்தவர் ஒரே ஒருவர். அந்தச் சோபாவில் ஏழு தடவை உட்கார்ந்தவர்!

அந்த வருஷம் விலைவாசி பிடித்த பிடியில் ஊரே திணறிக்கொண்டிருந்தது. மளிகைக்கடைக்காரர் பலகையில் விலை எழுதுவதையே விட்டுவிட்டார். எழுதி முடிப்பதற்குள் ஏறிவிடுகிறதாம். சாக்கட்டியை வீசிவிட்டு, ஈரத்துணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி ஆளாக நிற்கும்போது ஒரு விலை, முதல் ஆளாக வந்து சேரும்போது இன்னொரு விலை. வெங்காயத்தை உரித்தால் கண்ணில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் பழைய காலம். விலையைக் கேட்டாலே வந்தது. ஏறாமல் அடக்க ஒடுக்கமாக இருந்தது ஒன்றுதான்: சலவைக்கூடத்துக் கூலி. பிழியாத துணி தரையில் ஒட்டிக் கிடக்குமே, அந்த மாதிரி கிடந்தது.

அந்தச் சலவைக்கூடத்தில் ரோலர் இயந்திரத்தின் வாயில் நின்றவள் மடிப்பக்கா. ஓட்டல்களும் மருத்துவமனைகளும் அனுப்புகிற விரிப்புகள் கொதிநீரில் வெந்து, சுழன்று, சூட்டு உருளைகளுக்குள் புகுந்து அப்பளம் போலத் தட்டையாக வெளியே வரும். அதைப் பிடித்து மடிப்பது அவள் வேலை. அவள் மடித்த விரிப்பின் ஓரத்தில் விரலை வைத்தால் ரத்தம் வரும் என்று ஒரு பேச்சு உண்டு. மிகையாக இருக்கலாம். ஆனால் மேற்பார்வையாளர் ஒருவர் அவள் மடித்த அடுக்கைத் தொடுவதற்கு முன் கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவள் இரண்டு முன்கைகளிலும் சூட்டுத் தழும்புகள், ஏணிப்படி போல மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறிப் போயிருந்தன.

அந்தத் தழும்புகளைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. ஒரு நாள் காலையில், பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், தலையைப் பின்னிக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: "அடுத்த பருவத்துக்கு நான் போகலைம்மா. உன்கூடவே ரோலருக்கு வந்துடறேன். இடம் காலியா இருக்குதாமே."

"யாரு சொன்னது?"

"அப்பாதான். மேற்பார்வையாளர் கேட்டாராம்."

மகள் படித்துக்கொண்டிருந்தது செவிலியர் படிப்பு. முடித்தால் நேராக வெள்ளை உடுப்பு, வேலை. மடிப்பக்கா மகளுடைய முன்கையைப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரோலர் திறந்து மூடுகிற சத்தத்தில் எல்லாம் மகள் "அம்மா" என்று கத்துவது மாதிரியே கேட்டது.

இந்த நேரத்தில்தான் அரசாங்கம் கண் திறந்தது. சலவைத் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியைப் புதிதாக நிர்ணயிக்கக் குழு போட்டாயிற்று என்று செய்தி வந்தது. கூலி ஏறினால் மகள் படிப்பாள். ஏறாவிட்டால் ரோலர். அவ்வளவுதான் கணக்கு. கூலியைப் போடுவதற்கு முன்னால் அதிகாரி ஒருவர் தொழிலாளர் வீடுகளுக்கு வந்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்ப்பாராம். சந்தில் ஏழு வீடு. ஏழும் சலவைக்கூடத்து ஆட்கள்.

பாய்லர் மாமா வீட்டில் கூடிப் பேசினார்கள். கொதிகலனுக்குப் பக்கத்திலேயே வாழ்நாளைக் கழித்ததால் அவர் எதையும் கத்தித்தான் சொல்வார். ரகசியத்தைக்கூட.

"நல்லாக் கேட்டுக்கோங்க! கிழிசலைக் காட்டினா கிழிசலுக்குத்தான் விலை போடுவான்! கோட்டு போட்டவனுக்குக் கோட்டு போட்டவன் சம்பளம். நம்ம வீட்டைப் பார்த்து, 'அடடா, இவங்க மரியாதைப்பட்டவங்க, இவங்களுக்குக் குறைச்சலாக் குடுத்தா நமக்குத்தான் அசிங்கம்'னு அவனுக்குத் தோணணும்!"

"மெதுவாப் பேசுங்க மாமா, அதிகாரி ஆபீஸ்லேர்ந்தே கேட்டுடப்போறாரு" என்றார் மடிப்பக்காவின் கணவர். சலவைக்கூடத்து வேனை ஓட்டுகிறவர். வேன்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். "மரியாதையா வைக்க நம்மகிட்ட என்ன இருக்கு? ஏழு வீட்டுக்கும் சேர்த்து உங்க சோபா ஒண்ணுதான். அதுக்கும் ஒரு கால் போயிடுச்சு."

"செங்கல் வெச்சிருக்கேன்ல!"

"மேல பஞ்சு வெளிய எட்டிப் பார்க்குதே. அதுக்கு என்ன வைக்கப்போறீங்க?"

அப்போதுதான் மடிப்பக்கா வாயைத் திறந்தாள். பிறகு எத்தனையோ நாள், அன்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமே என்று அவள் நொந்துகொண்டாள். ஆனால் ஊர் அழுக்கையெல்லாம் வெளுக்கிறவள் வீட்டில் ஓர் அந்நிய மனிதர் கறையைப் பார்த்துவிட்டுப் போவதா? அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. "போர்த்திடலாம்" என்றாள். "பெரிய ஓட்டல்லேர்ந்து ஒரு விரிப்பு வந்திருக்கு. கருஞ்சிவப்பு. ஓரத்துல தங்கச் சரிகை. தரை வரைக்கும் தொங்கும், செங்கல் தெரியாது. அவர் வர்ற அன்னிக்கு நமக்கு விடுமுறைதானே, அன்னிக்குக் கொண்டு வந்து, மறுநாள் விடியறதுக்குள்ள துவைச்சு வெச்சுடறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஓட்டல் துணி ஒரு கைக்குட்டை வெளியே போனாலும் வேலை போய்விடும். மடிப்பக்காவா இப்படிப் பேசுகிறாள்?

"சோபா ஒண்ணு, வீடு ஏழாச்சே" என்றார் வேன்காரர்.

"வண்டியில வெச்சுத் தள்ளுங்க. பின்பக்கமா" என்றாள் அவள்.

அப்படித்தான் முடிவானது. சலவைக்கூடத்தில் ஈரத்துணி தள்ளுகிற இரும்பு வண்டி ஒன்று, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, சந்தின் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது.

அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். காதில் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த சிவப்புப் பென்சில் ஒன்று. பின்முனையைக் கடித்துக் கடித்துப் பல் தடம் பதிந்திருந்தது. சந்துக்குள் காலை வைத்த உடனே அவருக்குப் பென்சில் என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தச் சந்தில் கழிப்பறை பொதுவில்தான், முனையில். அதை வைத்துத்தான் மொத்தத் திட்டமும். ஒவ்வொரு வீட்டிலும் குடம் மாதிரி ஒரு கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் பென்சில் நெளிவார். "கொஞ்சம்..." என்பார். "நேராப் போய் முனையில சார்" என்று வழிகாட்டுவார்கள். அவர் போய் வருவதற்குள் சோபாவும், மின்விசிறியும், மின்கெண்டியும் பின்வாசல் வழியாக வண்டியில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடும். செங்கல்லும்தான். பாய்லர் மாமா பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பு மூன்று வீடு தள்ளிக் கேட்டது.

இரண்டாவது வீடு மடிப்பக்காவுடையது. சோபாவைச் சரியாகப் போட்டு, விரிப்பின் மடிப்பை இருக்கைக்கும் சாய்வுக்கும் நடுவே செருகி, கையை எடுப்பதற்குள் பென்சில் வாசலில் நின்றார்.

"வாங்கய்யா, உட்காருங்க."

பென்சில் உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார். "நல்ல சோபா" என்றார். "விரிப்பு பிரமாதம். சொந்தமா வாங்கினதா?"

"ஆமாங்கய்யா" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

எழுதுவதற்காக அவர் காதைத் தடவினார். மறு காதையும் தடவினார். சட்டைப் பையில் பார்த்தார், காலடியில் பார்த்தார். பென்சிலைக் காணோம். தேடட்டும் என்று விட முடியுமா? விரிப்பைத் தூக்கினால் செங்கல் சிரிக்கும். மடிப்பக்கா ஓடிப்போய், துணியில் குறி போடுகிற மைப்பேனாவை எடுத்துவந்து நீட்டினாள். "இதை வெச்சுக்கோங்கய்யா, நிறைய மை இருக்கு."

அந்த மை நாற்பது வெளுப்பு வெளுத்தாலும் போகாத மை. பென்சிலின் விரல்கள் கறுத்தன. கெண்டியைச் சுமந்துகொண்டு அவளும் பின்வாசல்கள் வழியாக வீடு வீடாகப் போனாள். வீட்டுக்கு வீடு அவர் அந்தப் பேனாவால்தான் எழுதினார். கடைசி வீடு பாய்லர் மாமாவுடையது. அங்கே உட்கார்ந்த உடனே பென்சில் "ஆ!" என்று துள்ளி எழுந்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற மடிப்பக்காவுக்கு உயிரே போய்விட்டது. செங்கல் சரிந்துவிட்டதோ?

"என்ன சார்?" என்று மாமா கத்தினார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே அவர் மறுபடி மெதுவாக உட்கார்ந்தார். விடைபெறும்போது மைப்பேனாவை மடிப்பக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். காதில் சிவப்புப் பென்சில் மறுபடி உட்கார்ந்திருந்தது. பாவம், கிடைத்துவிட்டதே என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி அவள் நினைக்கவில்லை.

அன்று சந்தே கொண்டாடியது. விரிப்பைத் துவைத்து, வழக்கத்தை விடக் கூர்மையாக மடித்து, விடிவதற்குள் அடுக்கில் வைத்துவிட்டாள்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. முதலாளி அதைச் சலவைக்கூடத்து ஒலிபெருக்கியில் தானே படித்தார். கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரல். "பார்வையிட்ட எல்லா வீடுகளிலும் உயர்ரக விரிப்பு போர்த்திய சோபா உள்ளது. எல்லா வீடுகளிலும் மின்விசிறி, மின்கெண்டி உள்ளன. விருந்தினருக்குப் பால் கலந்த தேநீர் தாராளமாகத் தருகிறார்கள். சலவைத் தொழிலாளர் வசதியாகவே வாழ்வதால் இப்போதைக்குக் கூலி உயர்வு தேவைப்படாது." படித்து முடித்து, சிரித்து, "எங்க வீட்டுல கூட இவ்வளவு நல்ல விரிப்பு இல்லீங்க" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

ரோலர் சுற்றிக்கொண்டே இருந்தது. விரிப்பு வெளியே வந்து மடிப்பக்காவின் காலடியில் குவிந்தது. அவள் பிடிக்கவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு துணி தரையைத் தொட்டது அன்றுதான்.

"இப்ப என்ன செய்யறது?" என்று வீட்டில் கேட்டாள்.

"நீதான் செஞ்சே" என்று வேன்காரர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. அவர் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார். மகள் பாடப்புத்தகங்களைச் சத்தம் வராமல் ஒரு பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தமில்லாமைதான் மடிப்பக்காவைக் கிளப்பியது. மறுநாள் அவள் பென்சிலின் அலுவலகத்துக்குப் போனாள்.

மேசைக்கு மேசை கை காட்டி அனுப்ப, கடைசியில் ஒரு ஜன்னலோர மேசையில் அவரைக் கண்டுபிடித்தாள். விரல்களில் குறிமை இன்னும் போகவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வண்டி, பின்வாசல், தேநீர், கழிப்பறை. விரிப்பை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், வேன்காரருடையதும் சேர்ந்து. பேச்சில் விரிப்பு வரும் இடத்திலெல்லாம் அந்த வார்த்தையைச் சுற்றி நடந்து போனாள்.

பென்சில் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்கு சிவந்தது.

"ஏம்மா, நான் இருபத்தாறு வருஷமா வீடு வீடாப் போய்க் கணக்கெடுக்கிறவன். இன்னை வரைக்கும் என் கண்ணுல மண்ணைத் தூவினவன் பிறக்கலை. ஒரே சோபாவுல ஏழு தடவை உட்கார்ந்தது தெரியாத மடையன்னு சொல்ல வர்றியா?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனாய்யா..."

"வேற எப்படிச் சொல்றே? கூலி ஏறலைன்னு தெரிஞ்சதும் கதை கட்டிட்டு வந்திருக்கீங்க. நடக்கவே நடக்காது. ஆட்சேபம் இருந்தா விசாரணைக்கு வந்து சொல்லு, குழுத் தலைவி இருக்காங்க."

வெளியே படியில் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. உண்மையை ஒளித்துவைக்க அவளுக்கு ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது. இப்போது அதைச் சொன்னால் வாங்க ஆளில்லை.

விசாரணைக்குச் சோபாவையே வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நீள மேசை, மேலே விளக்குகள், ஓரத்தில் தண்ணீர்க் குவளைகள். நடுவில் குழுத் தலைவி. நரைத்த தலை, சோர்வான கண்கள், யார் பேசினாலும் அவர்கள் பக்கமே திரும்பிப் பார்க்கிற பழக்கம். ஒரு பக்கம் முதலாளி. இன்னொரு பக்கம் பென்சில், காதில் பென்சிலோடு. சுவர் நெடுக ஏழு வீட்டு ஆட்களும் நின்றார்கள். மூன்று காலும் ஒரு செங்கல்லுமாகச் சோபா நடுவில் வந்து நின்றபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

பாய்லர் மாமா கதையைச் சொன்னார். கட்டடத்தின் மூன்று மாடிக்கும் கேட்டது. மற்ற தொழில்களுக்காக வந்து காத்திருந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். தேநீரும் கழிப்பறையும் வரும் இடத்தில் தலைவிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

முதலாளி மட்டும் அசரவில்லை. "அம்மா, ஒரு சோபாவைக் கொண்டு வந்து காட்டினா, மத்த ஆறு இல்லைன்னு ஆயிடுமா? ஆறையும் எங்கேயாவது ஒளிச்சு வெச்சுட்டு இதைத் தூக்கிட்டு வந்திருப்பாங்க."

மடிப்பக்கா திகைத்துப் போனாள். இல்லாத சோபாவை எப்படிக் காட்டுவது?

பென்சில் எழுந்து சோபாவைச் சுற்றி வந்தார். "இதுல நான் உட்காரவே இல்லை" என்றார். "நான் பார்த்தது பிரமாதமான கருஞ்சிவப்பு விரிப்பு போர்த்தினது. தங்கச் சரிகை. இந்தக் கிழிசல் இல்லை."

"அந்த விரிப்பு எங்கே?" என்று தலைவி கேட்டார்.

பாய்லர் மாமா வாயைத் திறந்து, சத்தம் வராமல் மூடினார். இந்த அதிசயத்தை அன்று நேரில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். வேன்காரர் மடிப்பக்காவைப் பார்த்து மிக லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லாதே என்றா, சொல்லு என்றா? அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த ஒரு ஆட்டம் அவளுக்குப் பிடிபடவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மகளின் முன்கையில் ஏணிப்படி ஏறும். கால்கள் தாமாகவே இரண்டு எட்டு முன்னால் வந்தன, ரோலரிலிருந்து விரிப்பு வெளியே வரும்போது வருகிற மாதிரி.

"அது எங்களுது இல்லீங்கம்மா. பெரிய ஓட்டல் விரிப்பு. சலவைக்கு வந்தது. நான்தான் எடுத்துட்டுப் போனேன். வேற யாருக்கும் இதுல பங்கில்லை."

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு நாற்காலி பின்னால் போய் விழுந்தது. "திருட்டு! எல்லாரும் கேட்டீங்கல்ல? என் கூடத்துல திருட்டு!"

"ராத்திரியே துவைச்சு வெச்சுட்டேன் முதலாளி. ஒரு நூல் பிரியலை."

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்!"

"அதை அப்புறம் பேசலாம், உட்காருங்க" என்றார் தலைவி. நாற்காலி நிமிர்ந்தது. "ஏம்மா, ஏன் எடுத்தே?"

"ஊர்த் துணியெல்லாம் வெளுத்துட்டு, எங்க வீட்டுக்கு வர்றவருக்குக் கிழிசலைக் காட்ட மனசு வரலைம்மா. எங்க நிலைமையைப் பார்க்கத்தான் ஐயா வந்தாரு. நாங்க நிலைமையைத்தான் போர்த்தி மூடிட்டோம்."

தலைவி சோபாவைப் பார்த்தார், மடிப்பக்காவைப் பார்த்தார். "நான் உன்னை நம்பறேன்" என்றார். சுவரோரம் ஒரு பெருமூச்சு கிளம்பியது. "ஆனா என் நம்பிக்கை போதாது. கணக்கெடுத்தவரே அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கிட்டாத்தான் அதை ஒதுக்க முடியும். ஒதுக்கினா, இன்னிக்குச் சந்தையில என்ன விலையோ அதை வெச்சுக் கூலியைப் போட்டுடலாம், மத்த ரெண்டு தொழிலுக்குப் போட்ட மாதிரியே. நீங்க என்ன சொல்றீங்க?" என்று பென்சில் பக்கம் திரும்பினார்.

பென்சில் நிமிர்ந்து நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது. "ஓட்டல் துணியை எடுத்தவங்க, பொய் சொல்ல மாட்டாங்களா? மன்னிக்கணும். எனக்கு நம்பிக்கை இல்லை. நடக்கவே நடக்காது."

எல்லாம் முடிந்தது. வேலையும் போயிற்று, கூலியும் போயிற்று. மடிப்பக்கா அந்த மனிதரைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. ஏழு வீட்டிலும் கோப்பையைக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்ட மனிதர். கெட்டவர் இல்லை. இருபத்தாறு வருஷத்தை ஒரு சோபாவிடம் தோற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அவளுக்குக் கறையைக் காட்ட மனம் வராத மாதிரி. அவருடைய விரல் நுனிகளில் குறிமை, வெளுத்தும் போகாமல், நகத்தோரம் கறுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சுரீரென்றது. விரலிலிருந்து கண் காதுக்குப் போனது.

"ஐயா" என்றாள். "ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாமா?"

"கேளு."

"உங்க விரல்ல இருக்கிற மை எங்க வீட்டு மை. எங்க வீட்டுல பென்சிலைக் காணோம்னு தேடினீங்க, நான் பேனா குடுத்தேன். ஞாபகம் இருக்காய்யா?"

"இருக்கு."

"அப்புறம் எல்லா வீட்டுலயும் அந்தப் பேனாவாலதான் எழுதினீங்க. கடைசி வீட்டுல உட்கார்ந்ததும் துள்ளி எழுந்தீங்க. போகும்போது பென்சில் காதுல இருந்துச்சு. எங்க வீட்டுல தொலைஞ்ச பென்சில், அஞ்சு வீடு தாண்டி எப்படிய்யா வந்துச்சு?"

பென்சில் பதில் சொல்ல வாயைத் திறந்தார். "அது வந்து... என்னோட பின்பாக்கெட்ல..." என்று ஆரம்பித்தார். கை தானாகவே பின்னால் போனது. தடவியது. இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது. கை அங்கேயே நின்றுவிட்டது.

பாய்லர் மாமா மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. மடிப்பக்கா தன் முன்கைகளை இறுகக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல் நின்றாள். வாசலில் நின்ற கூட்டத்தில் மகள் எப்போது வந்து சேர்ந்தாள் என்று தெரியவில்லை, புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

பென்சில் மெல்ல நடந்து போய், அந்தக் கிழிந்த சோபாவில், எட்டாவது தடவையாக, உட்கார்ந்தார். இருக்கைக்கும் சாய்வுக்கும் நடுவே இருந்த சந்தில் கறுத்த விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுசாக உள்ளே போனது. காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பின்முனையிலிருந்த தன் பல் தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பின்பாக்கெட்ல இருந்திருக்கும்னு அன்னிக்கே மனசைத் தேத்திக்கிட்டேன்மா" என்று தலைவியைப் பார்க்காமல் சொன்னார். "என்னோட பேண்ட் எதுலயும் பின்பாக்கெட்டே கிடையாது. கடைசி வீட்டுல என்னைக் குத்தினது இந்தப் பென்சில்தான், இந்தச் சோபாவோட சந்துலேர்ந்துதான். அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கிறேன். நடந்துதான் இருக்கு."